டிஸ்க்கா, ரிம்மா? வேலூர்ப் பக்கம் ரோடு பைக் ஓட்டுபவர்களுக்கு

ரோடு பைக் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது கியர் எத்தனை என்று. அடுத்த கேள்வி பிரேக் டிஸ்க்கா, ரிம்மா. சக்கரத்தின் விளிம்பான ரிம்மை ரப்பர் கட்டையால் பிடிப்பது ரிம் பிரேக். சக்கர நடுவில் உள்ள ரோட்டர் என்னும் எஃகுத் தட்டைப் பேடுகளால் பிடிப்பது டிஸ்க் பிரேக். இந்த இரண்டாவது கேள்விக்குப் பாதி பதிலைக் கம்பெனிகளே எழுதிவிட்டன. சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூ.சி.ஐ. 2015-இல் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைச் சோதனையாக விட்டுப் பார்த்தது. 2016 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஒரு வீரர் தன் காலில் விழுந்த வெட்டுக்கு ரோட்டர்தான் காரணம் என்று சொன்னதும் சோதனை நின்றது. மறு வருஷம் திரும்பத் தொடங்கி, 2018 ஜூலை 1 முதல் முழு அனுமதி வந்தது. அதற்கு அடுத்த வருஷமே எகான் பெர்னால் ரிம் பிரேக் சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். சந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. 2022-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ தன் 105 என்ற கியர், பிரேக் செட்டை 12 ஸ்பீடாக மாற்றியபோது அதில் ரிம் பிரேக்கே கிடையாது.

ஆகவே வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ ஒருவர் பணத்தோடு நிற்கும்போது எதிரே உள்ள வழிகள் மூன்று. ஒன்று, நல்ல செட்டோடு வந்த பழைய ரிம் பிரேக் சைக்கிள், செகண்ட் ஹேண்டில். இரண்டு, அதே விலைக்குப் புதிதாகக் கிடைக்கும், ஒயரில் இழுக்கிற மெக்கானிக்கல் டிஸ்க் சைக்கிள். மூன்று, இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க். நம் ரோட்டுக்கும் நம் ஊர் ரிப்பேர் வசதிக்கும் பார்த்தால், மலை ஏறுகிறவருக்கும் மழையில் ஓட்டுகிறவருக்கும் மூன்றாவது. சமவெளியில் காலை நேரத்தில் ஓட்டுகிறவருக்கு முதலாவது தாராளமாகப் போதும். கடையில் அதிகம் விற்கிற இரண்டாவதைத்தான் நன்றாக யோசித்து வாங்க வேண்டும்.

காய்ந்த ரோட்டில் எது சீக்கிரம் நிற்கும்?

இரண்டும் ஒன்றுதான். முன் பிரேக்கை ஓரளவுக்கு மேல் அழுத்தினால் பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். புவிஈர்ப்பு முடுக்கத்தில் பாதி, சற்று மேலே, அவ்வளவுதான் ஒரு ரோடு பைக்கின் எல்லை. அந்த எல்லையை ஒழுங்காக டியூன் செய்த, இரண்டு திருகு மையம் கொண்ட டூயல் பிவட் ரிம் பிரேக்கும் தொடும், டிஸ்க்கும் தொடும். 40 கி.மீ. வேகத்தில் வருகிறவர் அந்தப் பாதி அளவில் அழுத்தினால் சுமார் 12.6 மீட்டரில் நிற்பார். விரல் லீவருக்குப் போக அரை நொடி தாமதித்தால் அதற்குள் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். டிஸ்க் தரும் ஆதாயம் இந்தத் தூரத்தில் இல்லை, விரலின் உழைப்பில் இருக்கிறது. லீவரின் மேல்மூடியான ஹூட் மேல் கை வைத்தபடியே ஒரே விரலில் அளவாக அழுத்தலாம். ரிம் பிரேக்கில் அதே பலம் வேண்டுமானால் ஹேண்டில் பாரின் கீழ் வளைவைப் பிடிக்க வேண்டியிருக்கும். கை சிறியவர்களுக்கும் நீண்ட இறக்கத்தில் விரல் ஓய்ந்துபோகிறவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம்.

யோசித்துப் பார்த்தால் ரிம்மும் ஒரு பெரிய டிஸ்க்தான். கட்டை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 31 செ.மீ. தள்ளி இருக்கிறது. 160 மி.மீ. ரோட்டரில் பேட் பிடிப்பது சுமார் 7 செ.மீ. தள்ளி. ஆகவே அதே நிறுத்தத்துக்கு ரோட்டரில் நான்கு மடங்குக்கு மேல் இழுவிசை வேண்டும். ஹைட்ராலிக் அதைச் சுலபமாகக் கொடுக்கிறது. மலிவான ஒயர் டிஸ்க் திணறுவது இந்த இடத்தில்தான்.

டிஸ்க்குக்கு ஃபோர்க் கனமாக இருப்பதும் இதனால்தான். முழு விசையும் ஒரே காலில், கீழ் நுனியில் இறங்குகிறது. அது சக்கரத்தைக் கவ்வியிலிருந்து வெளியே தள்ளப் பார்ப்பதால்தான் லீவரால் இறுக்கும் பழைய குவிக் ரிலீஸ் போய், ஃபோர்க்கைத் துளைத்துப் போகும் த்ரூ ஆக்சில் வந்தது, முன்னால் 12-க்கு 100, பின்னால் 12-க்கு 142 மி.மீ. ஸ்போக்ஸ் கம்பியையும் முன் சக்கரத்தில் நேராகப் போட முடியாது, குறுக்காகப் பின்ன வேண்டும். “ரிம் பிரேக் ஃபிரேமில் பிறகு டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

ஏலகிரி இறக்கம்

வட ஆர்க்காட்டில் பிரேக்கைச் சோதிக்க ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைவிட நல்ல இடம் இல்லை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் ஜவ்வாது மலை ரோடும், பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறும் ரோடும் அதே ரகம்.

ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏழு சதவீத இறக்கத்தில் 20 கி.மீ. வேகத்திலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் மலை தள்ளுவது சுமார் 325 வாட். காற்றும் டயர் உராய்வும் அதில் 60 வாட்தான் தின்னும். மிச்சம் 260-க்கு மேல் அத்தனையும் பிரேக்கில் சூடாகிறது. அதே இறக்கத்தில் 50 கி.மீ. வேகம் என்றால் மலை தள்ளுவது 810 வாட், ஆனால் காற்றும் டயரும் 600 வாட்டை விழுங்கிவிடும். ஒவ்வொரு மீட்டர் ரோட்டுக்கும் பிரேக்குக்குப் போகும் சூட்டைக் கணக்கிட்டால், மெதுவாக இறங்குகிறவரின் பிரேக் மூன்று மடங்குக்கு மேல் வாங்குகிறது. பயந்து பயந்து லீவரை விடாமல் இறங்குகிறவரின் ரிம்தான் கொதிக்கிறது.

அதற்காக ஏலகிரியில் 50-இல் போகச் சொல்லவில்லை. வளைவுக்கு வளைவு பஸ்ஸும் வேனும் எதிரே வருகிற ரோடு அது. வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுசாக விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று ஆற்றிவிடும். அப்படி இறங்கத் தைரியம் வராதவர் பாதி வழியில் ஒரு ஐந்து நிமிஷம் ஓரமாக நின்று போகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்தான் இரண்டு பிரேக்கும் பிரிகின்றன. 50-லிருந்து 20-க்கு ஒருமுறை குறைத்தால் சுமார் 6,900 ஜூல் வெப்பம். அதில் அறுபது சதவீதம் முன் சக்கரத்துக்கு என்றால், அரைக் கிலோ அலுமினிய ரிம் அந்த ஒரு அழுத்தலில் ஒன்பது டிகிரிதான் ஏறும். 120 கிராம் எஃகு ரோட்டர் எழுபது டிகிரி எகிறும். கேட்டால் டிஸ்க் மோசம் போலத் தெரியும். ஆனால் ரோட்டர் அந்தச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் ஆறிவிடும், பக்கத்தில் வெடிக்க எதுவும் இல்லை. ரிம்மின் சூடு நேராக டியூபுக்குள் போகிறது. 27 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ. அடித்த டயருக்குள் காற்று 90 டிகிரியானால் அழுத்தம் ஏறக்குறைய 124 ஆகிவிடும். மே மாதம் வெயில் 40-ஐத் தாண்டிய நாளில் ரோடே முன்கூட்டி டயரைச் சுட வைத்திருக்கும். டயரின் விளிம்பு கொஞ்சம் தளர்ந்ததாக இருந்தால் பத்தாவது வளைவில் வெடிச் சத்தம் கேட்கும். ரிம் பிரேக்கில் மலை இறங்குகிறவர்கள் டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு அடிக்காமல் 15, 20 பி.எஸ்.ஐ. குறைத்து அடிப்பது நல்லது.

கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் என்றால் கதை வேறு. கார்பன் சூட்டைக் கடத்தாது, தேங்க வைக்கும். இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் ஒரு அளவுக்கு மேல் இளகும். உள்ளேயிருந்து டயர் தள்ளும்போது பிரேக் பிடிக்கும் சுவர் வெளியே புடைத்துவிடும். செகண்ட் ஹேண்டில் பெயர் தெரியாத கார்பன் சக்கரத்தோடு ரிம் பிரேக் சைக்கிள் மலிவாக வந்தால், அதை ஆற்காடு ரோட்டில் ஓட்டலாம், ஏலகிரிக்கு எடுத்துப் போகக் கூடாது. கார்பன் சக்கரம் வேண்டும் என்று தீர்மானித்தவருக்கு டிஸ்க் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

டிஸ்க் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இறங்கி முடித்ததும் ரோட்டரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும். ரோட்டர் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அதிகம் காய்ந்துவிட்டது என்று பொருள். மலைக்கு அடிக்கடி போகிறவர் முன்னால் 140 போட வேண்டாம், 160 மி.மீ. இருக்கட்டும்.

மழையும் மண்ணும்

வேலூருக்கு இரண்டு மழையும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் ஓடும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல். வழிக்கிற அந்த ஒரு நொடியில் பதினோரு மீட்டர் போய்விடும், அதற்குப் பிறகுதான் பிடிப்பு. டிஸ்க்கும் நனைந்தால் முதலில் கிறீச்சிடும், ஆனால் பிடிப்பு கிட்டத்தட்ட உடனே வரும். ரிம்மில் ஓட்டுகிறவர் மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக உரச விட்டு ஈரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீராவது வழிந்துவிடும், மண் அப்படி இல்லை. நம் பக்கம் கருங்கல் பூமி. கல் குவாரி லாரி சிந்திவிட்டுப் போகும் எம்-சாண்ட், சர்வீஸ் ரோட்டு ஓரம் ஒதுங்கிக் கிடக்கும் மணல், இரண்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7, அலுமினியம் 3-ஐ ஒட்டி. மழையில் அந்தத் தூள் பிரேக் கட்டையில் பதிந்துகொண்டால், ஒவ்வொரு பிரேக்குக்கும் ரிம் அரைபடுகிறது. சக்கரத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒழுகுவது அழுக்கு இல்லை, உங்கள் ரிம். மழையில் ஓட்டி வந்த மறுநாள் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மின்னும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரியும். அவை கட்டையில் ஏறிக்கொண்ட அலுமினியத் துணுக்குகள். ஊசியாலோ காம்பஸ் முனையாலோ நோண்டி எடுத்துவிட்டு, கட்டை முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்ட வேண்டும். இதை மழைக்காலம் முழுக்கச் செய்கிறவரின் ரிம் பல வருஷம் வரும். செய்யாதவர் ரிம்மைத் தின்னக் கொடுக்கிறார்.

தேய்ந்ததை அறிய ரிம்மில் ஒரு கோடோ சின்னக் குழியோ இருக்கும். அது மறைந்தால் ரிம் முடிந்தது. குறியே இல்லாத ரிம்மில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். நடுவில் பள்ளமாகி வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மெலிந்த சுவர் சொல்லிக்கொண்டு உடைவதில்லை, காற்று அடிக்கும்போதே பிளந்துகொள்ளும். டிஸ்க்கில் தேய்வது ரோட்டர்: ஷிமானோவில் புதிது 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பேடில் உராய்வுப் பொருள் அரை மி.மீ. ஆனதும் முடிந்தது. ரிம் போனால் கம்பி பிரித்து, புது ரிம் போட்டு, திரும்பப் பின்னி, பெண்டு எடுக்க வேண்டும். ரோட்டர் போனால் பத்து நிமிஷ வேலை. நீண்டகாலச் செலவில் டிஸ்க் மேல் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். நம் மண்ணில் அது நியாயமான கணக்கு.

உண்மையில் தீர்மானிப்பது டயர்

பிரேக் என்ன பிடித்தாலும் ரோட்டைத் தொடுவது டயர். கோடு போடாத வேகத்தடை, தார் பெயர்ந்த குழி, பைப் போட்டு மூடிய பள்ளம் என்று இருக்கிற ஊரில் 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டுவது முதுகுக்கும் ரிம்முக்கும் கெடுதல். 70 கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டயரில் 60-லிருந்து 65 போதும். சொகுசும் கூடும், ஈரத்தில் பிடிப்பும் கூடும். ஆனால் சாதாரண ரோடு ரிம் பிரேக்கின் காலிப்பருக்குள், அதாவது கட்டைகளைத் தாங்கும் கவ்விக்குள், 28-க்கு மேல் போகாது, பழைய ஃபிரேமில் 25-ஏ திக்குமுக்காடும். 28 போகிற இடத்திலும் காற்று நிறைந்த சக்கரம் கட்டைக்கு நடுவே சிக்கும். காலிப்பரின் சின்ன லீவரைத் திறந்துதான் கழற்ற வேண்டும், மாட்டிய பிறகு மூட மறந்தால் பிரேக் லீவர் ஹேண்டில் பார் வரை வந்துவிடும். டிஸ்க் ஃபிரேமில் 32 தாராளம், பலவற்றில் 35-உம் போகும். டிஸ்க் வாங்க ஒரே ஒரு காரணம் கேட்டால் பிரேக்கைவிட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

குழியில் விழுந்து சக்கரம் கோட்டமானாலும் இதே கதை. ரிம் பிரேக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டை உரசும். காலிப்பர் லீவரைத் திறந்துவிட்டு, பிடிப்பு குறைந்த அந்தப் பிரேக்கோடு நிதானமாக வீடு வரலாம். டிஸ்க்கில் ரிம் கொஞ்சம் ஆடினாலும் பிரேக்குக்குத் தெரியவே தெரியாது.

மலிவு டிஸ்க்கின் சிக்கல்

கடையில் “டிஸ்க்” என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பெரும்பாலான மலிவு ரோடு பைக்குகளில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் நகரும் மெக்கானிக்கல் காலிப்பர். ஒயர் இழுத்ததும் வெளிப் பேட் நகர்ந்து ரோட்டரை வளைத்து, அசையாத உள் பேடின் மேல் அழுத்துகிறது. வேலை செய்யும், ஆனால் பேட் தேயத் தேய இரண்டு பக்கமும் கையால் சரிசெய்ய வேண்டும். பலர் லீவர் தளர்ந்ததும் ஒயரை மட்டும் இழுத்துக் கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் காலிப்பரின் கை ஏற்கெனவே பாதி சுற்றிவிட்ட நிலையில் நின்று, அழுத்தும் பலமே போய்விடும். கடைசியில் லீவர் இறுக்கமாக இருக்கும், சைக்கிள் நிற்காது.

முறை இது. ஒயரைத் தளர்த்தி, காலிப்பரின் கை பழைய நிலைக்கு முழுக்கத் திரும்பட்டும். காலிப்பரின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் நடுவில் வரும்படி வைத்து, மாற்றி மாற்றி இறுக்குங்கள். உள் பேடின் திருகைச் சுற்றி, ரோட்டருக்கும் அதற்கும் விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விடுங்கள். பிறகு ஒயரைக் கட்டுங்கள். அடுத்த தடவை தளரும்போது முதலில் உள் பேடைத் திருப்புங்கள், ஒயரைக் கடைசியில் தொடுங்கள். ஒயர் ஓடும் உறையான அவுட்டரை அமுங்காத வகைக்கு மாற்றினால் அதே காலிப்பரே வேறு பிரேக் போல ஆகிவிடும். சாதாரண அவுட்டர் லீவரின் உழைப்பில் ஒரு பங்கைத் தன்னுள்ளேயே அமுக்கி வீணாக்குகிறது. இரண்டு பக்கமும் நகரும் டி.ஆர்.பி. ஸ்பயர் போன்ற காலிப்பர் போட்டால் இன்னும் நன்று.

இதையெல்லாம் செய்யத் தயாரில்லாதவருக்கு, அதே விலையில் அலுமினிய ரிம்மும் ஷிமானோ டூயல் பிவட்டும் உள்ள பழைய சைக்கிள்தான் மேல். எடையும் மிச்சம். ஒரே தரத்தில் டிஸ்க் சைக்கிள் முன்னூறிலிருந்து ஐந்நூறு கிராம் கூடத்தான் இருக்கும்.

வேலூரில் யார் பழுது பார்ப்பார்?

ரிம் பிரேக்கின் பெரிய பலம், தெருமுனை சைக்கிள் கடை. கட்டை மாற்ற, ஒயர் மாற்ற, பெண்டு எடுக்க எந்த ஊரிலும் ஆள் இருக்கிறார். ஆனால் ஒரு சின்ன வம்பு: கடையில் தொங்கும் ஒயரின் முனையில் உருளைக் குமிழ் இருக்கும், அது மவுண்டன் பைக்குக்கு. ரோடு லீவருக்கு வேண்டியது பேரிக்காய் வடிவக் குமிழ். உள் ஒயர் 1.6 மி.மீ., அவுட்டர் 5 மி.மீ. இரண்டு ஒயரை ஆன்லைனில் வாங்கி வீட்டில் வைத்திருந்தால் எந்தக் கடையிலும் மாட்டிக்கொள்ளலாம்.

கட்டை மாட்டும்போது கடைக்காரர் அவசரத்தில் தவறவிடுவதும் உண்டு. கட்டை செருகும் கூட்டின் மூடிய பக்கம் சைக்கிளின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் பலமாக அழுத்தும்போது ரப்பர் வழுக்கி வெளியே போய்விடும். கட்டையின் மேல் ஓரத்துக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே ஒரு மி.மீ. விட வேண்டும். மேலே ஏறினால் டயர் சுவரை அறுக்கும், கீழே இறங்கினால் ஸ்போக்ஸ் பக்கம் பாயும். முன் முனை அரை மி.மீ. முந்தித் தொட்டால் கத்தாது. கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி இரு பக்கமும் சேர்த்து 2 முதல் 4 மி.மீ.

ஹைட்ராலிக்கில் தினசரி வேலையே இல்லை, பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே முன்னேறிக்கொள்ளும். ஆனால் கெட்டால் ஆள் தேட வேண்டும். இங்கே நடக்கும் பெரிய அபத்தம் ஒன்று உண்டு. லீவர் பஞ்சு மாதிரி ஆனதும் பக்கத்து மோட்டார் பைக் மெக்கானிக்கிடம் போகிறார்கள். அவரும் கைராசிக்காரர்தான், பைக் டிஸ்க்கை ஆயிரம் முறை ப்ளீட் செய்தவர், அதாவது ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றியவர். கையிலிருக்கும் டாட் 4 ஆயிலை ஊற்றிவிடுவார். ஷிமானோவும் டெக்ட்ரோவும் மினரல் ஆயிலில் இயங்குபவை. அவற்றின் ரப்பர் சீல் டாட் ஆயில் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், சில நாளில் பிஸ்டன் திரும்பாது, பிறகு ஒழுகும். லீவர், காலிப்பர் இரண்டையுமே மாற்ற வேண்டிவரும். மறுபுறம், ஸ்ராம் கம்பெனியின் ரோடு பிரேக்குகள் டாட் 5.1 கேட்கும், அதில் மினரல் ஊற்றினாலும் இதே நாசம். லீவரிலோ காலிப்பரிலோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, “அண்ணா, இதுக்கு மினரல் ஆயில்தான், நானே கொண்டு வந்திருக்கேன்” என்று பாட்டிலை நீட்டிவிடுவது உத்தமம்.

முறை தெரிந்துகொண்டால் வீட்டிலேயே செய்யலாம். சக்கரத்தையும் பேடையும் கழற்றி, எட்டத்தில் வையுங்கள். ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பேட் போச்சு. பிஸ்டன்களை உள்ளே தள்ளி ப்ளீட் பிளாக் செருகுங்கள். லீவரில் புனல், காலிப்பரில் ஆயில் நிரப்பிய சிரிஞ்ச். நிப்பிளைத் திறந்து கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினால் குமிழி புனலில் வரும். ஹோஸை விரலால் சுண்டிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றதும் நிப்பிளை மூடி, லீவரைச் சில முறை அழுத்தி, அழுத்திய இடத்திலேயே கெட்டியாக நிற்கிறதா பாருங்கள். டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை இறங்குவதால் அதை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மினரல் ஆயில் உறிஞ்சாது, நிறம் கறுத்தால் மாற்றினால் போதும்.

பஞ்சருக்குச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது நம் பழக்கம். ஹைட்ராலிக்கைக் கவிழ்த்தால் லீவரிலுள்ள காற்று ஹோஸுக்குள் போகக்கூடும். நிமிர்த்தியதும் கிளம்பிவிடாமல் பத்து முறை லீவரை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சக்கரம் இல்லாதபோது யாரும் லீவரைத் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும், ரோட்டர் பிறகு நுழையாது. காட்பாடியில் ரயிலேற்றும்போது சக்கரம் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு செருகுங்கள், இல்லாவிட்டால் மடித்த அட்டை. ரோட்டர் பக்கம் எதுவும் சாயாமல் வையுங்கள், அது கை அழுத்தத்திலேயே வளையும்.

டிஸ்க்கின் பரம எதிரி எண்ணெய். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் ரோட்டரில் தெறிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு ரோட்டரைப் பிடித்தாலும் போதும், அன்றிலிருந்து அலறல். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்கலாம், எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போடுவதுதான் வழி. அடுப்பில் சுட்டு எடுக்கிற வைத்தியம் நிலைப்பதில்லை. புது பேட் போட்டதும் ஆளில்லா ரோட்டில் 25, 30 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, முழுசாக நிற்காமல், இருபது முறை குறையுங்கள். ரோட்டரில் “ரெசின் பேட் மட்டும்” என்று பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டர் சீக்கிரம் அரைந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது

ரிம் பிரேக் சைக்கிளானால் முதலில் ரிம் தேய்மானம், அப்புறம்தான் கியர். ஷிமானோ கட்டைக் கூட்டில் ஆர்55சி4 ரப்பர் நுழைகிறதா, ஃபிரேமில் 28 மி.மீ. டயர் போகுமா என்று பாருங்கள். டிஸ்க் ஆனால் ரோட்டரில் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும், காலிப்பர் ஓரம் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். “மெக்கானிக்தான் போட்டார், தெரியல” என்றால் ஒரு செட் லீவர், காலிப்பர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

எந்த லீவர் முன் பிரேக் என்பதையும் பாருங்கள். நம் ஊரில் வலது கை முன்னால், மோட்டார் பைக்கிலும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து வந்த சில சைக்கிள்களில் இடது கை முன்னால் இருக்கும், அவசரத்தில் கை பழையபடிதான் வேலை செய்யும். ரிம்மில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஹைட்ராலிக்கில் ஹோஸைக் கழற்றி, மாற்றி, திரும்ப ப்ளீட் செய்ய வேண்டும், அந்தக் கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, லீவரைக் கெட்டியாக அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள். மெல்ல மெல்ல ஹேண்டில் பாரை நோக்கி இறங்கினால் உள்ளே எங்கோ சீல் விடுகிறது, அந்தச் சைக்கிளை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.